பத்துக் கிலோ நேந்திரம்

என் பேரனை முதன்முதலில் அடித்தவள் ஒரு நர்ஸ். அப்போது அவன் எடை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தவன் திடீரென்று மூச்சு விடுவதை நிறுத்தினான். தலைமாட்டிலிருந்த கருவி அலறியது. உடம்பு சாம்பல் நிறத்துக்கு மாறியது. அந்தப் பெண் ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். பெட்டியின் வட்டத் துளைக்குள் கையை விட்டு, என் கட்டைவிரல் நீளமே இருந்த அவன் பாதத்தில், கேரம் காயைச் சுண்டுவதுபோலச் சுண்டினாள். அவன் உடல் வெட்டி இழுத்தது. முகம் கோணியது. மூச்சு திரும்பியது.

‘இஸ்கோ யாத் நஹீ ரஹ்தா, அங்கிள்,’ என்றாள். மூச்சு விட மறந்துபோகிறானாம். அடித்து நினைவூட்ட வேண்டுமாம்.

பக்கத்தில் நின்றிருந்த என் மகன் சொன்னான்: ‘அடிச்சாத்தாம்ப்பா இவன் உயிரோட இருப்பான் போலருக்கு.’

ஒரு தகப்பனின் ஆற்றாமைப் பேச்சு என்றே அப்போது அதை எடுத்துக்கொண்டேன்.

மும்பை மாட்டுங்காவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கோவில் சந்நிதியில், ஊர் கூடியிருக்க, பெற்ற மகனைக் கைநீட்டி அடித்தேன் என்றும், ஒரு வயதுக் குழந்தையைத் தரையில் உட்கார்ந்து முதுகு சிவக்க அறைந்தேன் என்றும், தடுக்க வந்த கோவில் கமிட்டிக் காரியதரிசியின் மூக்கை உடைத்தேன் என்றும் சொல்வார்கள். மூன்றும் உண்மை. நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் சட்டப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சியம் பாதியில் நின்றுபோவதை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

என் மருமகளுக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் மிக ஏறி, அவசர அறுவையில் குழந்தையை எடுத்தார்கள். என் மனைவி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகியிருந்தாள். வீட்டில் மகன், மருமகள், நான் மூவர்தான். குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், மருத்துவமனையில் குடும்பத்தாருக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மகனுக்கு ஆபீஸ் போன் வந்து வெளியே போய்விட்டான். மருமகளால் தையல் வலியில் குனிய முடியவில்லை. ஆகவே பொம்மை என் மடிக்கு வந்தது.

தொடைமேல் குப்புறப் போட வேண்டும். தலை தாழ்ந்திருக்க வேண்டும். இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்க வேண்டும். அடித்தேன்.

‘தபலா பஜா ரஹே ஹோ க்யா, அங்கிள்? ஜோர் ஸே மாரோ! பச்சா மர் ரஹா ஹை!’ என்று அதே நர்ஸ் கத்தினாள். தபலாவா வாசிக்கிறாய், ஓங்கி அடி, குழந்தை சாகிறது என்கிறாள். கோவண்டியிலிருந்து வந்திருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். கஞ்சி போட்ட சட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, அந்நியர்கள் முன்னிலையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கை சிவக்கும்வரை அறைந்தேன். என் வயதான காலத்துக்கு இதைவிட அவமானம் வராது என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.

பெயர் சூட்டும் நாளில் நெருங்கிய உறவினரை மட்டும் அழைத்திருந்தோம். செம்பூரிலிருந்து என் மைத்துனர், அதாவது மறைந்த என் மனைவியின் தம்பி, வந்திருந்தார். எதையும் சிரிப்பாக்கிவிடுவது அவர் சுபாவம். தூளிக்குள் எட்டிப் பார்த்தார்.

‘என்ன அத்திம்பேர், எலிக்குஞ்சா இருக்கே! மார்க்கெட்ல ரெண்டு சீப்பு நேந்திரம் வாங்கினா இதைவிட கனமா இருக்குமாக்கும்!’

சிலர் சிரித்தார்கள். என் மகன் கூடத்தைக் கடந்து வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினான். மாட்டியிருந்த என் கல்யாண போட்டோ கீழே விழுந்து நொறுங்கியது. அந்தக் கண்ணாடிச் சில்லுகளின்மேல் நின்றுகொண்டு அவன் சொன்னான்:

‘ரெண்டு சீப்பு இல்ல மாமா. பத்துக் கிலோ. ஆண்டு நிறைவன்னிக்குக் கோவில் தராசுல ஒரு தட்டுல பத்துக் கிலோ நேந்திரம் வைக்கறேன். இன்னொரு தட்டுல இவன். நீங்க முன்வரிசைல நின்னு பாருங்கோ!’

துலாபாரம் என்றால் குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்து, அது எவ்வளவு கனமோ அவ்வளவு பழமோ வெல்லமோ மறு தட்டில் வைத்துச் சுவாமிக்குக் கொடுப்பது. குழந்தையின் எடைக்குப் பழம் என்பதுதான் முறை. பழத்தின் எடையை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, குழந்தையை அதற்கு வளர்ப்பேன் என்று யாரும் வேண்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன வேண்டுதலைத் திருத்தும் வழக்கமும் எங்கள் குடும்பங்களில் கிடையாது. போதாதற்கு, நான் அந்தக் கோவில் கமிட்டியில் நெடுங்கால உறுப்பினன்.

எடை ஏற்றும் வேலை பாலில் தொடங்கியது. பிறகு நேந்திரங்காய்ப் பொடிக் கூழ், அதில் நெய், அதற்குமேல் சர்க்கரை. என் மகன் கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் குழந்தையின் இரு கைகளையும் உடலோடு சேர்த்துச் சுற்றி, முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்வான். ஒரு கையால் மூக்கைப் பிடிப்பான். மூச்சுக்காக வாய் திறக்கும்போது பால் புகட்டும் சங்கான பாலாடையின் மூக்கை உள்ளே சாய்ப்பான். குழந்தை திமிறும், புரையேறும், கக்கும். கக்கியதற்கு ஈடாக இன்னொரு பாலாடை. வாயை மூடிக்கொண்டால் தொடையில் அறை. அந்த அறையின் ஓசை பக்கத்து அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். மாடிப்படியில் போகிறவர்களுக்கும் கேட்கும் என்பதால் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்துவேன்.

குழந்தைக்குக் கன்னம் உப்பியது. தொப்பை முன்னே வந்தது. மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்கள் தூக்கிப் பார்த்து, ‘இது ஏழு மாசத்துல பொறந்த கொழந்தைன்னா யார் நம்புவா!’ என்றார்கள். மகனின் முகத்தில் ஒளி வரும். அன்றிரவு இன்னும் ஒரு பாலாடை கூடும்.

ஒரு மாலை என் மருமகள் ஆபீசிலிருந்து திரும்பி, கைப்பையைக்கூடக் கழற்றாமல், அவன் கையிலிருந்த பாலாடையைப் பிடுங்கி எறிந்தாள். அவன் கட்டிலில் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வீசினான். விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. கூழும் ரத்தமும் குழந்தையின் உச்சந்தலையில் சொட்டின. நான் எழுந்து ஜன்னலை நோக்கிப் போனேன்.

‘ஜன்னலைச் சாத்தறதுக்கு மட்டும் கரெக்டா எழுந்துக்கறேளே, அப்பா!’ என்றாள்.

அவளை நான்தான் தையல் போட அழைத்துப் போனேன். ‘லோக்கல் ட்ரெயின்ல கதவு இடிச்சுடுத்து,’ என்று என்னைப் பார்க்காமலேயே அங்கே சொன்னாள்.

மறுநாள் மகன் வேலைக்குக் கிளம்பியதும் டாக்ஸி வரவழைத்து மருமகளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டேன். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் டாக்டர் ஒருவர் உண்டு. மகன் பல மாதங்களாக அங்கே போகவிடாமல் வைத்திருந்தான். அந்த அம்மையார் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர்களிடம் ஆங்கிலமும் இந்தியும் பேசுபவர் எங்களிடம் தம் வீட்டுத் தமிழே பேசினார்.

குழந்தையின் உடைகளைக் கழற்றி மேசையில் கிடத்தினார். இடுக்கி போன்ற ஒரு கருவியால் தோல்மடிப்பைக் கவ்விக் கவ்வி அளந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார்.

‘ஐயா, கன்னத்தப் பார்த்து ஏமாந்திராதிய. வயித்துல இந்த மடிப்பப் பிடிங்க. இது பூரா கொழுப்பு. இப்பம் தொடையப் பிடிங்க. நல்லா அமுக்குங்க, ஒண்ணும் ஆவாது.’

அமுக்கினேன். மெத்தென்ற ஒரு படலம் விலகியதும் நேராக எலும்பு தட்டுப்பட்டது. நடுவில் இருக்க வேண்டிய எதுவும் இல்லை.

‘தாய் வயித்துல கடைசி ரெண்டு மூணு மாசத்துலதான் பிள்ளைக்கு உடம்பு கட்டும். இவனுக்கு அந்த மாசம் கிடைக்கல. வெளிய வந்து வளருதப்பம் கொழுப்பு முந்திக்கிடும், தசை பின்னாலதான் வரும். நீங்க நெய்யும் சீனியுமா ஊத்துனா தராசுதான் ஏறும், பிள்ளைக்குப் பெலன் ஏறாது. பெறகு ஆளானப்பம் சுகரு, பிரஷருன்னு வந்து நிக்கும். வயசு என்ன?’

‘பதினோரு மாசம்,’ என்றாள் மருமகள்.

‘பிறந்த தேதியில இருந்து எண்ணாத, தாயி. பிறந்திருக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணு. இன்னும் ஒம்பதுகூட முடியல.’ குழந்தையைக் குப்புறத் திருப்பினார். தலை ஒரு நொடி எழும்பி, மூக்கு மேசையில் இடித்தது. அழுதது. மறுபடி எழுப்பப் பார்த்தது, முடியவில்லை. ‘பார்த்தியளா? தலையைத் தூக்கவே சத்து இல்ல. இதத் தூக்கித் தராசுல வச்சு என்னத்த நிறுக்கப் போறிய? தரையில விடுங்க. உருளட்டும், தவழட்டும். வயசுக்கு ஏத்த சாப்பாடு, பருப்பு, முட்டை தின்பியன்னா முட்டை. வாய மூடுனா நிறுத்திரணும்.’

கைகழுவிக்கொண்டே மருமகளின் புருவத்தைப் பார்த்தார். ‘இது என்ன?’

‘ட்ரெயின் கதவு.’

‘எந்த வீட்டு ட்ரெயின்?’ என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். ‘வீட்ல பெரிய மனுசன் நீங்கதான? பெறகென்ன?’

என்னிடம் இந்தத் தொனியில் யாரும் பேசியதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல.

அன்று மாலை மகனிடம் கிண்ணத்தை இனித் தொடக்கூடாது என்றேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவன் நின்றபடியே கேட்டான்.

‘பொட்டிக்குள்ள அவன் மூச்சை நிறுத்தினதை நீங்க ஒரு தடவை பாத்தேள். நான் ராத்திரி ராத்திரியா பாத்தேன். வெயிட் ஏறினாத்தான் ஆத்துக்கு விடுவோம்னா. தெனம் கார்த்தால தராசு. எறங்கித்துன்னா போச்சு, ஏறித்துன்னா உயிர். இப்ப வந்து வெயிட் முக்கியமில்லைங்கறேளே! இவனுக்கு வேற என்னப்பா இருக்கு, வெயிட்டைத் தவிர?’

அவன் குரல் உடைந்தது. மறுகணமே கடினப்பட்டது.

‘சரி, துலாபாரத்தை நிறுத்திடுங்கோ. கமிட்டி மெம்பர் ஆத்து வேண்டுதலே அரைகுறையா நின்னுபோச்சுன்னு மாட்டுங்கா பூரா பேசும். உங்களுக்குச் சம்மதமா?’

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். துலாபாரம் நடக்கும், குழந்தை என்ன எடையோ அதுவே எடை என்றேன். அவன் கிண்ணத்தை எடுக்கப் போனான். மணிக்கட்டைப் பிடித்தேன். திருகினான். நான் விடவில்லை. எங்கள் இருவரின் மூச்சும் இரைந்தது. என் வலது கட்டைவிரலின் அடியில் ஏதோ ‘சடக்’ என்றது. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கையைத் தளர்த்தி, அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டான். மழைக்காலத்தில் அந்த விரலால் இன்றும் பேனா பிடிக்க முடிவதில்லை.

அதன்பின் மருமகளே ஊட்டினாள். எடை ஏறுவது நின்றது. மகன் வீட்டில் வாங்கி வைத்திருந்த குழந்தைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆண்டு நிறைவன்று வீட்டில் ஹோமம் முடித்துக் கோவிலுக்குப் போனோம். சங்கிலியில் தொங்கும் பித்தளைத் தராசு பூச்சரங்களோடு நின்றது. ஒரு தட்டில் பத்துக் கிலோ நேந்திரம் ஏற்கெனவே மஞ்சள் குவியலாக இருந்தது. மகன் விடியற்காலையிலேயே வந்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். முன்வரிசையில் என் மைத்துனர். கமிட்டியார், அவர்கள் குடும்பங்கள், சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்த உறவினர்.

குழந்தையால் தனியே உட்கார முடியவில்லை. பட்டுத் துணியைச் சுற்றி, மருமகள் முதுகில் ஒரு கையை அணைத்துப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அர்ச்சகர் சொன்னபடி கையை எடுத்தாள். பழத்தட்டு அசையவில்லை. குழந்தையின் தட்டு அந்தரத்தில் நின்றது. பட்டு வேஷ்டி கட்டிய அந்தச் சின்ன உடம்பு மெல்ல ஒரு பக்கம் சரிந்து சங்கிலியில் சாய்ந்தது.

அர்ச்சகர் இயல்பாகப் பழத்தட்டிலிருந்து ஒரு சீப்பை எடுக்கக் கை நீட்டினார்.

‘எடுக்காதீங்கோ!’ என்றான் என் மகன்.

‘விடுடா, ஒரு சீப்பை எடுத்துட்டாப் போறது,’ என்றார் மைத்துனர். ‘எலிக்குஞ்சுன்னு நான் சும்மாவா சொன்னேன்?’

சிரிப்பு எழுந்தது. என் மகன் குவியலிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தான். உரித்தான். பாதியாக ஒடித்துக் குழந்தையின் வாயில் திணித்தான். அந்தத் தட்டில் குறைவது இந்தத் தட்டில் கூடும் என்பது அவன் கணக்கு. ‘முழுங்குடா! முழுங்கு!’ என்று விரலால் உள்ளே தள்ளினான். மருமகள் அவன் தோளில் குத்தினாள். அவன் முழங்கையால் அவளை இடித்துத் தள்ளினான்.

அழுகை நின்றது. குழந்தை அடங்கிவிட்டான் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அந்த அமைதியைக் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்று நான் கேட்டிருக்கிறேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நெற்றியில் சாம்பல் நிறம்.

இடது கையால் மகனைக் காதோடு சேர்த்து அறைந்தேன். என் ஆயுளில் அவனை அடித்தது அப்போதுதான். அவன் பழத்தட்டின்மேல் விழுந்தான். சங்கிலி கிறீச்சிட்டது, பழங்கள் சந்நிதி முழுக்க உருண்டன. குழந்தையைப் பட்டுத் துணியோடு பிய்த்தெடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். தொடைமேல் குப்புறப் போட்டேன். தலையைத் தாழ்த்தினேன். தோள்பட்டைகளுக்கு நடுவே அடித்தேன்.

‘ஐயோ, கொழந்தையை அடிக்கறார்! கிழவருக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்து!’

பின்னாலிருந்து காரியதரிசி என் கையைப் பிடித்தார். முழங்கையைப் பின்னோக்கி வீசினேன். எலும்பில் பட்டது தெரிந்தது. இன்னொருவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். ‘விடுங்கோ அவரை! அடிக்கட்டும், விடுங்கோ!’ என்று மருமகள் அலறியபடி அவர்மேல் பாய்ந்தாள். கூடியிருந்தவர்களில் என்னைத் தவிர அந்தப் பயிற்சி அறையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் மறுபடி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. தபலா வாசிக்கிறாயா என்று அந்த நர்ஸ் கத்தியது காதில் விழுந்தது. முழு பலத்தோடு அறைந்தேன்.

பழத்துண்டு கோழையோடு கல்தரையில் தெறித்தது. குழந்தை வீறிட்டான். அந்தச் சந்நிதியில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவன் முதுகில் என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. கூட்டம் பார்த்தது அதைத்தான்.

காரியதரிசியிடம் மூக்குக்காக மன்னிப்புக் கேட்டேன். அது முறை. ரத்தம் சிந்தியதற்கான சுத்திச் சடங்கையும் செய்வித்தேன். ஆனால் கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்டபோது கொடுக்கவில்லை. விளக்குவதானால் என் மகன் செய்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். கமிட்டியிலிருந்து விலகினேன்.

வீடு திரும்பிய அன்றே மருமகள் குழந்தையின் தராசைக் கூடத்தின் நடுவில் வைத்து, சமையலறையிலிருந்து குழவிக்கல்லைத் தூக்கி வந்து அதன்மேல் போட்டாள். ஒருமுறையல்ல. தகடு நெளியும்வரை, ஸ்பிரிங் தெறிக்கும்வரை. எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. நான் எங்கள் ஜன்னலைச் சாத்தவில்லை. பிறகு குழந்தையோடு திலக் நகரிலுள்ள பிறந்தகம் போனாள். என் மகன் மனநல மருத்துவர் ஒருவரிடம் போகத் தொடங்கி, பல மாதம் கழிந்து, அந்த மருத்துவரே வந்து அவளிடம் பேசிய பிறகே திரும்பினாள். இனி ஊட்டுவது அவன் வேலையல்ல என்பது அவள் நிபந்தனை. அவன் ஏற்றுக்கொண்டான். குழந்தை சாப்பிடும்போது இன்றும் அவன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதை எழுதச் சொன்னவனும் அவனே. ‘நான் பண்ணினதையும் சேத்து எழுதுங்கோப்பா. நீங்க கொழந்தையை அடிச்சேள்னு யாரும் சொல்லப்படாது.’

பையனுக்கு இப்போது நான்கு வயது ஆகப்போகிறது. மெலிந்தவன். வயதொத்த பிள்ளைகளைவிடக் குள்ளம். கன்னத்தின் உப்பல் போய்விட்டது. தொப்பையும் வற்றியது. எலிக்குஞ்சு என்று இப்போது யாராவது சொன்னால் பொருத்தமாகவே இருக்கும். சென்ற முறை டாக்டர் அம்மையார் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘வருது, ஐயா. மெதுவாத்தான். ஆனா வருது,’ என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நான் பருப்புசாதம் போட்டேன். தட்டில் கொஞ்சம் மீந்திருந்தது. ‘இன்னும் ஒரே ஒரு வாய்,’ என்றேன். வாயை இறுக்கிக்கொண்டான். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனேன். முஷ்டியை மடக்கி என் முகத்தில் ஒரு குத்து விட்டான். மூக்குக்கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் மோதி, அதன் காதுக்கம்பி ஒன்று ஒடிந்தது. கன்ன எலும்பு விண்ணென்று தெறித்தது.

மருமகள் ஓடி வந்தாள். ‘அப்பா, பலமாப் பட்டுடுத்தா?’

‘பலமாத்தான் பட்டது,’ என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டேன்.